எலுமிச்சை ஜூஸ்: பழத்தை எண்ணாதீர்கள், சாற்றை அளந்து பாருங்கள்

அக்கா மகள் கோலாலம்பூரில் படிக்கிறாள், செத்தாபாக்கில் நாலு பெண்கள் சேர்ந்து எடுத்த வாடகை வீடு. போன மாதம் ஒரு மத்தியானம் பினாங்குக்குப் போன் போட்டு, "மாமா, எலுமிச்சை ஜூஸ் போட்டேன், சீனித் தண்ணி மாதிரி இருக்கு, என்ன பண்றது?" என்று கேட்டாள். எப்படிப் போட்டாய் என்றேன். ஏதோ ஒரு வீடியோவில் மூன்று லெமன், முக்கால் கப் சீனி, ஒரு ஜக் தண்ணீர் என்று சொன்னார்களாம், இவளும் ஒன்று விடாமல் அப்படியே செய்திருக்கிறாள். என்ன பழம் என்று கேட்டேன். "லிமாவ்தான் மாமா, பச்சையா சின்னதா இருக்குமே."

அங்கேதான் கோளாறு. வீடியோவில் சொன்னது மஞ்சள் லெமன், கப்பலில் வந்து சூப்பர் மார்க்கெட்டில் ஸ்டிக்கர் ஒட்டி உட்கார்ந்திருக்குமே அது. ஒன்றைப் பிழிந்தால் நாற்பது, ஐம்பது மில்லி சாறு வரும். இவள் வாங்கிய சின்னப் பழத்தில் பதினைந்து மில்லி வந்தாலே பெரிய விஷயம். மூன்று பழம் என்ற கணக்கு சரி, உள்ளே இருந்த சாறு மட்டும் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் சீனி முழு அளவு. சீனித் தண்ணீர் வராமல் வேறு என்ன வரும்?

அன்றைக்கு அவளுக்குப் போனில் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். சமையல் குறிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குறிப்பு ஆயிரம் கிடைக்கும். ஒரு ஜக் ஜூஸுக்குள்ளே என்ன நடக்கிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் எந்தப் பழம் கையில் கிடைத்தாலும் குறிப்பே தேவைப்படாது, அதற்காக எழுதுகிறேன்.

முதலில் பழத்தின் பெயர். தமிழில் எலுமிச்சை என்று நாம் பழக்கத்தில் சொல்வது அந்தச் சின்னப் பழத்தைத்தான். ஊறுகாய் போடுவோமே, புதுக் கார் எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்குவோமே, அது. மலாயில் அதற்கு லிமாவ் நிப்பிஸ் என்று பெயர், ஆங்கிலத்தில் லைம். லெமன் என்பது வேறு பழம். இரண்டுக்கும் புளிப்பு ஏறக்குறைய ஒன்றுதான், சாற்றில் ஐந்து ஆறு சதவீதம் சிட்ரிக் அமிலம் இருக்கும், ஆனால் மணம் வேறு, அளவு வேறு, தோலின் தடிமன் வேறு. மூன்றாவதாக நம் ஊர் லிமாவ் காஸ்தூரி. கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக, தோல் பச்சையாக இருந்தாலும் உள்ளே சதை ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அது ஒரு கலப்புப் பழம், மாண்டரின் ஆரஞ்சு வகையும் கும்குவாட் என்கிற குட்டிப் பழமும் சேர்ந்தது, அதனால்தான் அதன் சாற்றில் ஒரு ஆரஞ்சு வாசனை எட்டிப் பார்க்கும். ஒட்டுக்கடையில் லிமாவ் ஐஸ் என்று கேட்டால் பெரும்பாலும் கிளாஸுக்குள் மிதப்பது இதுதான்.

லெமனையும் லைமையும் ஒன்று என்று நினைத்து ஏமாந்தது என் அக்கா மகள் மட்டும் இல்லை, பிரிட்டிஷ் கடற்படையே ஏமாந்திருக்கிறது. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்கிற கப்பல் வைத்தியர், ஈறு வீங்கி ரத்தம் கசிகிற ஸ்கர்வி நோய் வந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு வைத்தியம் பார்த்தார். ஆரஞ்சும் லெமனும் தின்ற ஜோடிதான் முதலில் எழுந்து நடமாடியது. பிறகு கடற்படையில் லெமன் சாறு கொடுக்க ஆரம்பித்து நோயும் அடங்கியது. 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில், தங்கள் சொந்தக் காலனியான மேற்கிந்தியத் தீவுகளிலேயே விளைகிறதே என்று லைம் சாற்றுக்கு மாறினார்கள். புளிப்பு ஒன்றுதானே என்று நினைப்பு. ஆனால் நோயைத் தடுத்தது புளிப்பு இல்லை, வைட்டமின் சி. அது லைமில் குறைவு, சாற்றைப் பதப்படுத்திச் சேமித்து வைத்த விதத்தில் இருந்த கொஞ்சமும் போய்விட்டது. 1875-இல் வடதுருவத்துக்குப் போன கப்பல்களில் ஸ்கர்வி திரும்பி வந்தது. வீட்டில் ஜூஸ் போடும் நமக்கு அவ்வளவு ஆபத்து கிடையாது, சீனித் தண்ணீரோடு தப்பித்துவிடலாம்.

சரி, பழம் வாங்கும் கதைக்கு வருவோம். நிப்பிஸ் என்றால் மலாயில் மெல்லியது என்று அர்த்தம், பெயரிலேயே குறிப்பு இருக்கிறது. தோல் மெல்லிசாக, வழவழப்பாக, கையில் எடுத்தால் அளவுக்கு மீறி கனமாக இருக்கிற பழத்தில்தான் சாறு இருக்கும். தோல் சொரசொரப்பாக, பந்து மாதிரி விறைப்பாக இருப்பதில் தோல்தான் அதிகம். கரும்பச்சையாகப் பளபளக்கிற பழத்தைத்தான் எல்லோரும் பொறுக்குவார்கள், நானும் ரொம்ப காலம் அப்படித்தான். சௌராஸ்தா மார்க்கெட் பக்கம் காய்கறி விற்கும் ஒரு மலாய் மாக்சிக்தான், நான் ஒதுக்கித் தள்ளிய மஞ்சள் தட்டிய பழங்களையெல்லாம் திரும்ப என் பையில் போட்டு, சம்பாலுக்கு என்றால் பச்சை எடு, தண்ணீருக்கு என்றால் இதை எடு என்று சொன்னார். அவர் சொன்னது சரி. மஞ்சள் ஏறிய பழம் முற்றிய பழம், சாறும் அதிகம், புளிப்பிலும் ஒரு சாந்தம் இருக்கும்.

ஐஸ்பெட்டியில் இருந்து எடுத்த பழத்தை அப்படியே வெட்டினால் பாதி சாறு உள்ளேயே நின்றுகொள்ளும். கொஞ்ச நேரம் வெளியே வைத்து, இல்லாவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு, அப்புறம் மேசைமேல் உள்ளங்கையால் அழுத்தி உருட்டுங்கள். உள்ளே இருக்கிற சின்னச் சின்னச் சாற்றுப் பைகள் உடைந்து கொடுக்கும். காம்பு மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு குறுக்கே வெட்ட வேண்டும், நெடுக வெட்டினால் சுளை முழுசாகத் தோல் போர்த்திக்கொண்டு நிற்கும், பிழிவதற்குள் கை வலிக்கும். வடிகட்டி ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு அளவுக் கோப்பைக்குள் பிழியுங்கள். அந்தக் கோப்பைதான் இந்தக் கட்டுரை முழுவதற்கும் சாமான். எத்தனை பழம் என்று யோசிக்கவே வேண்டாம், கோப்பையில் எத்தனை மில்லி என்று மட்டும் பாருங்கள். நூறு மில்லி சாறு வேண்டும் என்றால் லெமன் இரண்டோ மூன்றோ போதும், லிமாவ் நிப்பிஸ் ஏழு எட்டு ஆகும், காஸ்தூரி என்றால் இருபது தாண்டும், பொறுமையும் அந்த அளவுக்கு வேண்டும்.

இப்போது அளவு. நான் வைத்திருக்கும் கணக்கு இது: 100 மில்லி சாறு, 80 கிராம் சீனி, 600 மில்லி தண்ணீர், மேலே ஐஸ் ஒரு 150 கிராம். இதில் மூன்றரை, நாலு கிளாஸ் வரும். இது வேதவாக்கு இல்லை, புறப்படும் இடம். புளிப்புப் பிடித்த வீட்டில் சீனியை 60-க்கு இறக்குங்கள், சின்னப் பிள்ளைகள் இருந்தால் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

இதில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும், சீனி போட்டால் புளிப்பு குறைகிறது என்று நாம் சொல்கிறோமே, உண்மையில் குறைவதில்லை. அமிலம் போட்டது போட்டபடி அப்படியே கிடக்கிறது. சீனியும் புளிப்பும் ஒன்றையொன்று நாக்கில் அமுக்குகின்றன, அவ்வளவுதான். அதனால்தான் இனிப்பு தூக்கலாகப் போய்விட்டால் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்ய முடியாது. தண்ணீர் இரண்டையும் சேர்த்துத்தான் குறைக்கும், கடைசியில் எதுவும் இல்லாத ஒரு சப்பைத் தண்ணீர் கிடைக்கும். இனிப்பு அதிகம் என்றால் இன்னும் ஒரு பழம் பிழிய வேண்டும். புளிப்பு அதிகம் என்றால் பாகு ஊற்ற வேண்டும். இரண்டுமே தூக்கலாக இருந்து தொண்டையில் ஒட்டுகிறது என்றால் அப்போதுதான் தண்ணீர். அக்கா மகளிடம் அன்றைக்கு நான் சொன்னதும் இதுதான், அந்த ஜக்கைக் கொட்டாதே, கடைக்குப் போய் இன்னும் ஆறு பழம் வாங்கிவந்து பிழிந்து ஊற்று என்று. பிழைத்துக்கொண்டது.

பாகு என்று சொன்னேன் அல்லவா, புதிதாகப் போடுகிறவர்கள் எல்லோரும் சறுக்குகிற இடம் இது. ஐஸ் தண்ணீரில் சீனியைக் கொட்டிக் கலக்குவார்கள், கரண்டி கிளாஸின் அடியில் நறநறவென்று தேய்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், குடித்துப் பார்த்தால் புளிக்கும், இன்னும் ஒரு கரண்டி போடுவார்கள், கடைசி வாயில் அடியில் தங்கிய சீனி மொத்தமும் வந்து பல்லில் இடிக்கும். குளிர்ந்த தண்ணீரும் நிறைய சீனியைத் தாங்கும், ஆனால் அதற்கு நேரம் வேண்டும், தாகத்தோடு நிற்கிறவருக்கு ஏது நேரம். அதனால் முன்கூட்டியே வெந்நீரில் கரைத்து வைத்துக்கொள்வது நல்லது. மாமாக் கடையில் தே ஓ ஐஸ் லிமாவ் கலக்குகிறவரின் கையைக் கவனியுங்கள், பல கடைகளில் சீனிப் பாகு ஒரு பாத்திரத்தில் தயாராக இருக்கும், ஒரு கரண்டி மொண்டு ஊற்றி இரண்டு சுற்று சுற்றினால் வேலை முடிந்தது.

பாகு என்றதும் லட்டுக்குக் காய்ச்சுகிற கம்பிப் பதம் எல்லாம் நினைத்துப் பயப்பட வேண்டாம். 100 கிராம் சீனி, 100 மில்லி கொதித்த தண்ணீர், கரையும் வரை கலக்கு, ஆறவிடு, முடிந்தது. அடுப்பில் கூட வைக்க வேண்டியதில்லை. ஒரு வேடிக்கை: நூறும் நூறும் சேர்ந்தால் இருநூறு மில்லி வரும் என்று எதிர்பார்ப்போம், வராது, 160 மில்லி சொச்சம்தான் வரும், ஏனென்றால் நூறு கிராம் சீனி கரைந்த பிறகு அறுபது மில்லி இடத்தைத்தான் பிடிக்கும். இது எதற்கு என்றால், அளக்க வசதி. 16 மில்லி பாகில் 10 கிராம் சீனி. 80 கிராம் சீனி வேண்டும் என்றால் 130 மில்லி பாகு, பாகிலேயே 80 மில்லி தண்ணீர் இருப்பதால் ஜக்கில் ஊற்றும் தண்ணீரில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். இந்தப் பாகு மூடி போட்ட பாட்டிலில் ஐஸ்பெட்டிக்குள் இரண்டு வாரம் நிற்கும். கரைக்கும்போது ஒரு பாண்டான் இலையை முடிச்சுப் போட்டு உள்ளே போடுங்கள், இல்லை ஒரு துண்டு இஞ்சியைத் தட்டிப் போடுங்கள். குலா மெலாக்கா என்கிற தென்னைச் சர்க்கரை போடலாமா என்று கேட்பார்கள். காஸ்தூரிக்குப் பொருந்தும். மஞ்சள் லெமனுக்குப் போட்டால் லெமன் இருப்பதே தெரியாது, என் கருத்து இது, சண்டைக்கு வராதீர்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது, லெமனுக்கு மட்டும். மேல்தோலில் உள்ள மஞ்சளை மட்டும் மெல்லிசாகச் சீவி, சீனியோடு பிசைந்து ஒரு மணி நேரம் வைத்தால், சீனி தோலில் இருக்கிற எண்ணெயை வெளியே இழுத்துவிடும், ஈர மணல் மாதிரி ஆகிவிடும். அதில் வெந்நீர் ஊற்றிக் கரைத்து வடிகட்டினால், ஐயோ, அந்த மணம். பழத்தின் வாசனை பெரும்பாலும் தோலில்தான் இருக்கிறது, சாற்றில் இருப்பது முக்கால்வாசி புளிப்பு.

குளிர்ச்சியைப் பற்றி ஒன்று. ஐஸ் போடுவதற்கு முன் ருசி பார்த்து இதுதான் சரி என்று முடிவு செய்தால், ஐஸ் போட்ட பிறகு சப்பென்று இருக்கும். இரண்டு காரணம். ஐஸ் உருகினால் தண்ணீர்தானே, நம் ஊர் வெயிலில் பத்து நிமிடம் போதும். இரண்டாவது, குளிரில் நாக்குக்கு இனிப்பு அவ்வளவாகத் தெரியாது. உருகிப்போன ஐஸ்கிரீமைக் குடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கட்டியாக இருந்தபோது அளவாக இருந்த அதே இனிப்பு இப்போது திகட்டும். ஆகவே ஒரு சின்னக் கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, ஒரு ஐஸ் கட்டி போட்டு, ஒரு நிமிடம் கழித்து அதை ருசி பாருங்கள், அதை வைத்து ஜக்கைச் சரிசெய்யுங்கள். ஐஸ் போடாத நிலையில் ஜக் உங்களுக்குக் கொஞ்சம் தூக்கலாகத் தெரிய வேண்டும்.

அடுத்தது கசப்பு. இதில் எனக்கு ஒரு கதையே இருக்கிறது.

பினாங்கு தைப்பூசம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தண்ணீர்ப்பந்தலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ரதம் போகிற வழியிலும், தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் ஜாலான் கெபுன் புங்கா முழுவதும் பந்தல் பந்தலாகப் போட்டு, பாட்டு அதிர, வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் சாப்பாடும் குடிக்கவும் கொடுப்பார்கள். எங்கள் தாமான் பையன்கள் ஒரு வருடம் சின்னதாக ஒரு பந்தல் போட்டோம். எல்லோரும் ரோஸ் சிரப்பும் மோரும் கொடுக்கிறார்களே, நாம் வித்தியாசமாக எலுமிச்சை ஜூஸ் கொடுப்போம் என்று கிளம்பியது நான்தான், மறுக்க முடியாது. முந்தின ராத்திரி இருநூறு பழம். நாற்பது பழம் பிழிவதற்குள் எல்லோருக்கும் அலுத்துவிட்டது. ஒருத்தன், "அண்ணே, எதுக்குப் பிழியணும், நாலா வெட்டி பிளண்டர்ல போட்டு அடிச்சு வடிகட்டிடலாமே" என்றான். புத்திசாலித்தனமாகத்தான் தெரிந்தது. தோலோடு, கொட்டையோடு போட்டு அடித்தோம், நுரையோடு வந்ததை வடிகட்டினோம், ருசி பார்த்தோம், பிரமாதம். டாங்கியில் ஊற்றி மூடிவிட்டுத் தூங்கப் போனோம்.

காலையில் வேப்பங்கொழுந்து அரைத்துக் கலக்கினது போல இருந்தது.

ராத்திரி இனித்தது காலையில் எப்படிக் கசந்தது என்று அப்போது புரியவில்லை, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றுகூட ஒரு பேச்சு ஓடியது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். எலுமிச்சைக் குடும்பத்துப் பழங்களின் கொட்டையிலும், தோலுக்கு அடியில் இருக்கிற வெள்ளைப் பஞ்சிலும், சுளைகளுக்கு நடுவில் இருக்கிற சவ்விலும் ஒரு பொருள் இருக்கிறது. பழத்துக்குள் இருக்கும்போது அது கசக்காது. பழத்தைக் கசக்கி, புளிப்புச் சாற்றோடு அது கலந்துவிட்டால், அமிலம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக லிமோனின் என்கிற வேறொரு பொருளாக மாற்றுகிறது. அந்த லிமோனின்தான் கசப்பு. மாறுவதற்குச் சில மணி நேரம் ஆகும். அதனால்தான் பிழிந்தவுடன் குடித்தால் தெரிவதில்லை, ராத்திரி தாண்டினால் தெரிகிறது. கொட்டையை அரைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பிரேசில் நாட்டில் லைமைத் தோலோடு பிளண்டரில் அடித்து, டின் பால் ஊற்றி ஒரு ஜூஸ் போடுகிறார்கள். நன்றாகவே இருக்கும். ஆனால் ஒரு சில நொடிதான் அடிப்பார்கள், உடனே வடிகட்டி உடனே குடித்துவிடுவார்கள். நாங்கள் எட்டு மணி நேரம் ஊறவைத்தோம்.

ஆக, கசப்பு வராமல் இருக்க என்ன செய்வது என்றால், கடைசிச் சொட்டு வரை வாங்காமல் விடுங்கள். பழத்தை வெறி பிடித்து முறுக்கினால் சாற்றோடு தோல் எண்ணெயும் வெள்ளைப் பஞ்சின் கசப்பும் சேர்ந்து வரும். கொட்டையை நசுக்காமல் வடிகட்டியில் நிறுத்துங்கள். பிழிந்த தோலை ஜக்குக்குள் போட்டு ஊறவிடுவது பார்க்க அழகாக இருக்கும், அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். சாற்றைக் கொதிக்கவிடவே கூடாது, மணம் ஆவியாகிப் போய்விடும், வெந்நீரில் கரைத்த பாகும் ஆறிய பிறகுதான் சாற்றோடு சேர வேண்டும். அலுமினியப் பாத்திரம், பித்தளைச் செம்பு இதிலெல்லாம் ஊற்றி வைக்காதீர்கள், புளிப்பு உலோகத்தை அரிக்கும், ருசியும் கெடும். கண்ணாடி, எவர்சில்வர், பிளாஸ்டிக் எதுவானாலும் சரி.

லேசாகக் கசந்துவிட்டால் ஒரு சிட்டிகை உப்பு. உப்புக்குக் கசப்பை அமுக்கும் குணம் உண்டு, இனிப்பையும் கொஞ்சம் தூக்கிக் காட்டும். எங்கள் டாங்கியை எந்த உப்பும் காப்பாற்றவில்லை என்பது வேறு விஷயம். கசக்காவிட்டாலும் நான் உப்பு போடுவேன், ஒரு ஜக்குக்கு இரண்டு விரலால் கிள்ளுகிற அளவு. உப்புக் கரிக்கக் கூடாது, இருப்பதே தெரியக் கூடாது. இல்லாவிட்டால் அசாம் போய். சீனர்கள் உப்பு போட்டு உலர்த்துகிற பிளம் பழம் அது, உப்பும் புளிப்பும் அதிமதுர வாசனையும் சேர்ந்து இருக்கும். பினாங்கில் அம்ப்ரா ஜூஸில் போட்டுக் கொடுப்பார்களே அதேதான். காஸ்தூரி ஜூஸில் கிளாஸுக்கு ஒன்று போட்டு, கரண்டியால் லேசாக நசுக்கிவிட்டு ஐந்து நிமிடம் வைத்துக் குடித்துப் பாருங்கள், சீனியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

சீனி என்றதும் ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வீட்டில் போட்டது, புதுப் பழம், டின் சமாச்சாரம் இல்லை, அதனால் உடம்புக்கு நல்லது என்று ஒரு எண்ணம் நம்மிடம் இருக்கிறது. மேலே நான் சொன்ன அளவைக் கணக்குப் பார்த்தால், ஐஸ் உருகுவதற்கு முன் 100 மில்லிக்குப் பத்து கிராமுக்கு மேல் சீனி. நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல், ஆலையில் அடைத்து விற்கும் இனிப்புப் பானங்களில் 100 மில்லிக்கு 5 கிராமைத் தாண்டினால் அரசாங்கம் லிட்டருக்கு 40 சென் வரி போட்டது, அப்புறம் அதை ஏற்றவும் செய்தது. அந்தக் கணக்குப்படி என் வீட்டு ஜக் வரிக்கோட்டைப் போல இரண்டு மடங்கு. 2023-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஆறு பேருக்கு ஒருவருக்கு நீரிழிவு. கடையில் கூராங் மானிஸ், அதாவது இனிப்புக் குறைவாக, என்று சொல்லி வாங்குகிறவர் வீட்டிலும் அப்படியே செய்வதுதான் நியாயம். ஒரே நாளில் பாதியாக்கினால் யாரும் குடிக்கமாட்டார்கள், வாரத்துக்குப் பத்து கிராமாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள், நாக்கு பழகிவிடும். எங்கள் வீட்டில் இப்போது 50-இல் நிற்கிறது. அம்மாவுக்குச் சீனியே இல்லாமல், உப்பும் நசுக்கின புதினாவும் மட்டும்.

பல்லையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். அமிலம் பல்லின் மேல் பூச்சை இளக்கும், சீனி போட்டாலும் அமிலம் அமிலம்தான் என்று முன்பே சொன்னேன். நாள் முழுக்கப் பாட்டிலில் வைத்துச் சப்பிக்கொண்டே இருப்பதைவிட ஒரே தடவையில் குடித்துவிட்டு வெறும் தண்ணீரில் கொப்பளிப்பது மேல். உடனே பல் தேய்க்காதீர்கள், அரை மணி நேரம் போகட்டும்.

கை கழுவுவதையும் சொல்லிவிடுகிறேன், இது பலருக்குத் தெரியாது. லைம் சாறு தோலில் பட்டு, அதன்மேல் வெயில் பட்டால் தோல் வெந்துபோகும். புளிப்பால் இல்லை, பழத்தில் இருக்கிற வேறு சில பொருட்கள் சூரிய ஒளியோடு சேர்ந்து செய்கிற வேலை அது. அன்றைக்கே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துச் சிவந்து, சிலருக்குக் கொப்புளம் வந்து, பிறகு பழுப்புத் தழும்பாக வாரக்கணக்கில் நிற்கும். பந்தலில் பழம் வெட்டிக்கொண்டே வெயிலில் நின்ற தம்பி ஒருவனுக்குப் புறங்கை முழுக்க அப்படி வந்தது, சாறு வழிந்த கோடுகூட அப்படியே வரைந்தது மாதிரி இருந்தது. வெட்டி முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அப்புறம் வெளியே போங்கள்.

மீந்த சாற்றை என்ன செய்வது? மார்க்கெட்டில் பழம் மலிவாகக் கிடைக்கிற நாளில் பிழிந்து, கொட்டையும் சக்கையும் இல்லாமல் வடிகட்டி, ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துவிடுங்கள். என் தட்டில் ஒரு குழிக்கு 20 மில்லி பிடிக்கும், உங்கள் தட்டை ஒருமுறை தண்ணீர் ஊற்றி அளந்துகொண்டால் அப்புறம் அளவுக் கோப்பையே வேண்டாம், ஐந்து கட்டி எடுத்தால் நூறு மில்லி. உறைந்த சாறு புதுச் சாற்றின் மணத்துக்கு வராது, ஆனால் ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் மூன்று நாள் கிடந்த சாற்றைவிட எவ்வளவோ மேல். கலந்து முடித்த ஜூஸை அன்றைக்கே குடித்துத் தீர்ப்பதுதான் சரி.

அடுத்த வருட தைப்பூசத்துக்கு மறுபடியும் எலுமிச்சை ஜூஸ் என்றபோது பையன்கள் என்னை முறைத்தார்கள். இந்த முறை கணக்குப் போட்டுக்கொண்டு போனேன். 60 லிட்டருக்கு 7 லிட்டர் சாறு, ஆறு கிலோ சீனி, 42 லிட்டர் தண்ணீர், மீதி ஐஸ். சீனிக்குச் செலவு பெரிதில்லை, அப்போது கிலோ 2 ரிங்கிட் 85 சென். பழம்தான் ஐந்நூறு. முந்தின ராத்திரி பாகு மட்டும் காய்ச்சி ஆறவைத்தோம். பழத்தை விடியற்காலையில் நாலு கைப்பிழிவான் வைத்துக்கொண்டு எட்டுப் பேர் உட்கார்ந்து, முறுக்காமல் ஒரே அழுத்து, தூக்கிப் போடு என்று பிழிந்தோம். ஒரே டாங்கியில் கலக்காமல் பத்துப் பத்து லிட்டராகத்தான் கலக்கினோம், ஐஸ் கடைசியில். தண்ணீர்மலையில் ஐந்நூறு படிக்கு மேல் ஏறி இறங்கி வருகிற கூட்டம், முந்நூறு கிளாஸ் எந்த மூலைக்கு. பத்தரை மணிக்கெல்லாம் தீர்ந்துவிட்டது, அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு ரோஸ் சிரப்தான் கொடுத்தோம்.